ஊர் ஊராக மேளம் கொட்டி, காசு சேர்த்து, படம் எடுத்த கம்பெனி!

ஒரு சினிமாப் படம் எடுக்க முதலில் என்ன வேண்டும்? நல்ல கதை வேண்டும் என்பார் சிலர். பெரிய நட்சத்திரம் வேண்டும் என்பார் சிலர். கோடம்பாக்கத்தில் நாலு நாள் சுற்றித் திரிந்தவர்களைக் கேட்டால், ஒரே சொல்லில் பதில் வரும்: "பணம்!"

அந்தப் பணத்தைப் பைனான்சியரிடம் கேட்காமல், வினியோகஸ்தரிடமும் கேட்காமல், படம் பார்க்கப் போகிற ஜனங்களிடமே நேரில் போய்க் கேட்டது ஒரு கம்பெனி. ஊர் ஊராகப் போனார்கள். மேளம் கொட்டினார்கள். "மக்கள் சினிமா எடுக்கப் போகிறோம், முடிந்ததைக் கொடுங்கள்" என்று கை நீட்டினார்கள். சேர்ந்த காசைக் கொண்டு படத்தையும் எடுத்துக் காட்டினார்கள்.

1984-ம் ஆண்டு கேரளத்தில், கோழிக்கோட்டை மையமாகக் கொண்டு தொடங்கிய அந்தக் கம்பெனியின் பெயர் "ஒடேசா". அதற்குத் தலைமை தாங்கியவர் ஜான் ஆப்ரகாம். இதே பெயரில் இந்தி நடிகர் ஒருவர் இருக்கிறார். அவர் வேறு, இவர் வேறு. இவர் டைரக்டர். தமிழில் ஒரே ஒரு படம் எடுத்து, அந்த ஒரே படத்துக்கு தேசிய விருது வாங்கியவர்.

காசு போகும் பாதை

சினிமாவில் பணம் எப்படிப் புரள்கிறது என்று தெரிந்தால்தான் ஒடேசா செய்த காரியத்தின் அருமை விளங்கும்.

பிலிமில் படம் எடுத்த அந்தக் காலத்தில், பட அதிபர் என்று டைட்டிலில் பெயர் வருகிறவர் பெரும்பாலும் கடன்காரர்தான். பைனான்சியரிடம் வட்டிக்கு வாங்கித்தான் அவர் பூஜை போடுவார். படத்தின் நெகடிவ் லேபரட்டரியில் இருக்கும். கடன் தீர்ந்தது என்று பைனான்சியரிடம் இருந்து கடிதம் வராமல் பிரிண்ட் வெளியே வராது. தீபாவளிக்கு வர வேண்டிய படம் பொங்கலுக்கும் வராமல் பெட்டிக்குள் கிடப்பதற்குப் பல சமயம் இதுதான் காரணம்.

அடுத்து வினியோகஸ்தர். ஏரியா ஏரியாவாகப் பிரித்து, இவ்வளவு தருகிறேன் என்று முன்பணம் கொடுப்பார். கொடுக்கும் முன் அவர் கேட்கும் கேள்விகள் தெரிந்தவைதான். ஹீரோ யார்? பாட்டு எத்தனை? சண்டை எத்தனை? போன படம் எத்தனை நாள் ஓடியது? அதற்கும் அடுத்து தியேட்டர்காரர். அவருக்கும் அதே கேள்விகள்.

எல்லாருக்கும் கடைசியில் வருகிறவர், பகல் முழுக்க உழைத்துவிட்டு சாயங்காலம் கியூவில் நின்று டிக்கெட் வாங்கும் ரசிகர். முன்னே போன அத்தனை பேருடைய வட்டியும் லாபமும் அவர் கொடுக்கும் காசில்தான் அடைபடுகிறது. ஆனால் என்ன படம் எடுப்பது என்று முடிவு செய்யும்போது அவரை யாரும் கேட்பதில்லை. "ஜனங்கள் இதைத்தான் விரும்புகிறார்கள்" என்று அவர் பெயரைச் சொல்லி மற்றவர்கள் முடிவு செய்து விடுகிறார்கள்.

இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றினால் என்ன? கடைசியில் காசு கொடுக்கிறவர் முதலிலேயே கொடுத்துவிட்டால்? வட்டிக்காரர் வேண்டாம். ஏரியா வியாபாரம் வேண்டாம். படம் எடுப்பவர், படம் பார்ப்பவருக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். ஒடேசாவின் கொள்கை முழுவதும் இதற்குள் அடங்கி விட்டது.

இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்து சினிமாவுக்கு

ஜான் ஆப்ரகாம் 1937-ல் பிறந்தவர். பணக்காரப் பட அதிபர் வீட்டுப் பிள்ளை அல்ல. சினிமாவுக்கு வரும் முன் ஆயுள் இன்சூரன்ஸ் கார்ப்பரேஷனில் உத்தியோகம் பார்த்தார். அதுவும் சொந்த ஊரில் அல்ல, கர்நாடகத்தில் உள்ள பெல்லாரியில். மொழி தெரியாத ஊரில் ரூம் எடுத்துத் தங்கி, ஓட்டலில் சாப்பிட்டு, ஆபீஸ் போய் வரும் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று வெளிமாநிலத்துத் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கார்ப்பரேஷன் வேலை என்றால் சாகும் வரை கவலையில்லை என்று நினைத்த காலம் அது. அந்த வேலையை விட்டுவிட்டு, புனாவில் இருந்த திரைப்படக் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தார் ஜான். அங்கே அவருக்கு ஆசிரியராகக் கிடைத்தவர் வங்காள டைரக்டர் ரித்விக் கட்டக். நாடு பிரிந்தபோது அகதியாக வந்த ஜனங்களின் துயரத்தைப் படங்களில் வடித்தவர். அவரிடம் படித்த மாணவர்கள் பலர் பின்னால் பேர் பெற்றார்கள். குருவின் பிடிவாதமும் நாடோடிக் குணமும் அதிகம் ஒட்டிக்கொண்டது ஜானிடம்தான்.

படிப்பு முடிந்ததும் மணி கவுல் எடுத்த "உஸ்கி ரோட்டி" என்ற இந்திப் படத்தில் உதவி டைரக்டராக வேலை செய்தார். 1972-ல் சொந்தமாக முதல் படம். "வித்யார்த்திகளே இதிலே இதிலே" என்பது பெயர். பள்ளிக்கூட மைதானத்தில் பையன்கள் ஆடிய பந்து பட்டு ஒரு சிலை உடைந்து விடுகிறது. அதைச் சரிசெய்ய மாணவர்களே பணம் திரட்டுகிறார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து, தான் உண்மையிலேயே பணம் திரட்டப் புறப்படுவோம் என்று இந்தக் கதையை எடுத்தபோது ஜானுக்குத் தெரிந்திருக்க முடியாது.

தமிழில் ஒரு கழுதை

ஜானின் இரண்டாவது படம்தான் 1977-ல் வந்த "அக்ரகாரத்தில் கழுதை". தமிழ்ப் படம். திரைக்கதை எழுதியவர் விமர்சகர் வெங்கட் சாமிநாதன். இவரும் வெளிமாநிலத்தில் பிழைத்த தமிழர்தான். ஒரிசாவில் ஹிராகுட் அணைக்கட்டிலும், பிறகு டெல்லியிலும் உத்தியோகம் பார்த்தவர். கடைசிக் காலத்தில் பெங்களூரில் வாழ்ந்து, 2015-ல் அங்கேயே காலமானார்.

தாயை இழந்த கழுதைக் குட்டி ஒன்றுக்கு அடைக்கலம் கொடுக்கிறார் ஒரு கல்லூரிப் பேராசிரியர். ஊரார் கேலி தாங்க முடியாமல் அதைத் தன் கிராமத்து அக்ரகாரத்துக்குக் கொண்டு போகிறார். ஒரு ஊமைப் பெண் அதைக் கவனித்துக் கொள்கிறாள். கிராமத்தில் எந்தக் கெடுதல் நடந்தாலும் பழி கழுதை மேல் விழுகிறது. கடைசியில் அடித்துக் கொன்று விடுகிறார்கள். கொன்ற பிறகு நல்லது நடப்பதாகத் தோன்றியதும், அதே கழுதைக்குக் கோயில் கட்டக் கிளம்புகிறார்கள்!

பேராசிரியராக நடித்தவர் இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன். இந்த இடத்தில் இன்னொரு பழைய சங்கதியையும் சொல்ல வேண்டும். பலர் பங்கு போட்டுப் படம் எடுப்பது தமிழுக்குப் புதிதல்ல. 1960-லேயே "பாதை தெரியுது பார்" என்ற படம் அப்படி வந்தது. டைரக்டர் நிமாய் கோஷ், வங்காளி. ரெயில்வே தொழிலாளர்களின் சங்கம், போராட்டம் பற்றிய கதை. இசை இதே எம்.பி.சீனிவாசன். பாடல்கள் இன்றும் கேட்கப்படுகின்றன. ஆனால் படத்துக்கு அன்று தியேட்டர்களில் சரியான வரவேற்பு கிடைக்கவில்லை. பணம் சேர்ப்பது மட்டும் போதாது, எடுத்த படத்தைக் காட்டுவதற்கும் ஒரு வழி வேண்டும் என்பதற்கு அது ஒரு பாடம்.

"அக்ரகாரத்தில் கழுதை"க்கும் அதே பாடம்தான் கிடைத்தது. சிறந்த தமிழ்ப் படம் என்று மத்திய அரசின் தேசிய விருது வந்தது. கூடவே எதிர்ப்பும் வந்தது. தமிழ்நாட்டில் ஊர் ஊராக ஓடும் பாக்கியம் அதற்கு இல்லை. 1989-ல் தூர்தர்ஷனில் காட்டுவதாக இருந்தது கூட கைவிடப்பட்டது. தமிழர்களுக்காக எடுத்த படத்தைத் தமிழர்களில் பெரும்பாலோர் பார்க்கவே இல்லை. பிலிம் சொசைட்டிகளில் சிலர் பார்த்ததோடு சரி.

1979-ல் "செறியாச்சன்டெ குரூர கிருத்தியங்கள்" என்ற மலையாளப் படம் எடுத்தார் ஜான். அதில் நடித்த அடூர் பாசிக்குக் கேரள அரசின் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. இப்படி மூன்று படம் எடுத்தும் ஜானின் நிலை மாறவில்லை. விருது வரும், படம் ஓடாது. ஓடாத டைரக்டருக்கு அடுத்த படம் கொடுக்க எந்த பட அதிபர் வருவார்?

கப்பலும் படிக்கட்டும்

அந்தக் காலத்துக் கேரளத்தில் ஊருக்கு ஊர் பிலிம் சொசைட்டிகள் இருந்தன. வாசகசாலை போல அதுவும் ஒரு பழக்கமாக வேரூன்றியிருந்தது. இந்த அலையைத் தொடக்கி வைத்தவர்களில் முக்கியமானவர் அடூர் கோபாலகிருஷ்ணன். 1965-ல் திருவனந்தபுரத்தில் நண்பர்களோடு சேர்ந்து "சித்ரலேகா" பிலிம் சொசைட்டியைத் தொடங்கினார். அதே பெயரில் கூட்டுறவு முறையில் படக் கம்பெனியும் ஏற்பட்டது. 1972-ல் சித்ரலேகா எடுத்த "சுயம்வரம்" நாட்டிலேயே சிறந்த படம் என்று விருது பெற்றது. அதற்குப் பெரும்பங்கு பணம் மத்திய அரசின் திரைப்பட நிதிக் கார்ப்பரேஷன் கொடுத்த கடன்.

ஜானும் அவருடைய நண்பர்களும் அந்த வழியில் போகவில்லை. அரசாங்கக் கடனும் கடன்தானே என்பது அவர்கள் எண்ணம். 1984-ல் "ஒடேசா" பிறந்தது.

ஒடேசா என்பது உக்ரைனில், கருங்கடல் ஓரத்தில் உள்ள துறைமுக நகரம். 1905-ல் ருஷ்யச் சக்கரவர்த்தியின் கடற்படையைச் சேர்ந்த "பொட்டெம்கின்" கப்பலில் மாலுமிகள் கலகம் செய்தார்கள். இந்தச் சம்பவத்தை வைத்து 1925-ல் ஐசன்ஸ்டைன் எடுத்த ஊமைப் படம் உலகப் புகழ் பெற்றது. அதில், ஒடேசா நகரத்துப் படிக்கட்டில் சிப்பாய்கள் வரிசையாக இறங்கி வந்து ஜனங்களைச் சுட்டுத் தள்ளும் காட்சி வரும். படம் பார்த்தவர்கள் மறக்க முடியாத காட்சி அது. அந்தப் பெயரைத்தான் கோழிக்கோட்டு இளைஞர்கள் தங்கள் கம்பெனிக்கு எடுத்துக் கொண்டார்கள்.

மேளமும் சாப்ளினும்

படம் எடுக்கப் பணம் வேண்டும். கையில் இல்லை. என்ன செய்வது? துண்டு ஏந்துவது என்று தீர்மானம் ஆயிற்று.

ஊர் ஊராகப் புறப்பட்டார்கள். மேளம் கொட்டிக் கூட்டம் சேர்த்தார்கள். தெரு ஓரத்தில் சின்னச் சின்ன நாடகங்கள் போட்டார்கள். சார்லி சாப்ளினின் "தி கிட்" படத்தைத் திரை கட்டிக் காட்டினார்கள். படம் முடிந்ததும் வசூல். ஒடேசாவின் முதலீட்டில் பெரும் பகுதி இப்படிச் சேர்ந்ததுதான்.

சாப்ளின் படத்தைத் தேர்ந்தெடுத்ததும் பொருத்தம்தான். 1921-ல் வந்த ஊமைப் படம் அது. மொழி தெரிய வேண்டியதில்லை, எழுத்து தெரிய வேண்டியதில்லை. யாரோ போட்டுவிட்டுப் போன குழந்தையை, தானே சோற்றுக்கு வழியில்லாத ஒருவன் எடுத்து வளர்க்கும் கதை. சிரிக்கவும் வைக்கும், அழவும் வைக்கும். பெற்றவர் இல்லாத பிள்ளையைக் கண்டவர்கள் சேர்ந்து வளர்ப்பதுதானே ஒடேசாவின் திட்டமும்!

காசு கொடுத்தவர்களுக்குப் பங்குப் பத்திரம் கிடையாது. லாபத்தில் பாகம் கிடையாது. போட்ட பணம் திரும்பி வரும் என்ற பேச்சே கிடையாது. கோயில் திருவிழாவுக்கு வரி கொடுப்பது போலக் கொடுத்தார்கள். திருவிழாவில் சாமி எல்லாருக்கும் பொது. இந்தப் படமும் அப்படி எல்லாருக்கும் பொது என்பதுதான் ஒப்பந்தம்.

இப்படி ரூபாயும் சில்லறையுமாகச் சேர்ப்பதில் ஒரு சங்கடமும் உண்டு. படப்பிடிப்பு என்பது நாள் கணக்கில் செலவு வைக்கும் காரியம். கச்சா பிலிம் கடனுக்குக் கிடைக்காது. லேபரட்டரி சும்மா கழுவித் தராது. பணம் தீர்ந்தால் மறுபடியும் ஜனங்களிடம்தான் போக வேண்டும். அதனால்தான் 1984-ல் தொடங்கிய கம்பெனியின் முதல் படம் 1986-ல் வெளிவந்தது.

"அம்ம அறியான்"

அந்தப் படத்தின் பெயர் "அம்ம அறியான்". தமிழர் காதில் இது வேறு மாதிரி விழும். அம்மாவை அறியாதவன் என்று நினைத்து விடுவோம். மலையாளத்தில் அதன் பொருள் நேர் எதிர். "அம்மா அறிவதற்காக" என்று அர்த்தம். கடுதாசியில் "அன்புள்ள அம்மாவுக்கு, நலம், நலம் அறிய ஆவல்" என்று தொடங்குவோமே, அது போல.

புருஷன் என்று ஒரு இளைஞன். டெல்லிக்குப் புறப்படுகிறான். போகிற இடத்தில் இருந்து தவறாமல் கடிதம் போடு என்று சொல்லி அனுப்புகிறாள் தாய். பிள்ளையை வெளியூருக்கு அனுப்பும் எந்தத் தாயும் சொல்லும் சொல்தான்.

வயநாட்டு மலைப்பாதையில் போகும்போது போலீசார் வண்டியை நிறுத்துகிறார்கள். ஒரு பிணத்தை ஏற்றிச் செல்ல வேண்டும் என்கிறார்கள். செத்தவன் யார் என்று தெரியாது. ஆனால் எங்கோ பார்த்த முகம் என்று புருஷனுக்குத் தோன்றுகிறது. அந்த நினைப்பு அவனை விடவில்லை. டெல்லிப் பயணத்தைக் கைவிட்டு, செத்தவன் யார் என்று தேடிப் புறப்படுகிறான். ஒவ்வொரு நண்பராகப் பார்த்து விசாரிக்கிறான். செத்தவன் பெயர் ஹரி, தபலா வாசித்தவன், இயக்கத்தில் இருந்தவன் என்று தெரிய வருகிறது. அவனுடைய தாய் கொச்சியில் இருக்கிறாள். அவளுக்குச் செய்தி சொல்ல வேண்டும்.

தனியாகப் புறப்பட்டவனோடு வழியில் ஒருவர், இருவர் என்று சேர்கிறார்கள். வயநாட்டு மலையில் இருந்து கொச்சிக் கடற்கரை வரை நீளும் பயணத்தில், கூட்டம் பெரிதாகிக் கொண்டே போகிறது. போகிற ஒவ்வொருவனும் தன் தாயிடம் சொல்லிக்கொண்டு கிளம்புகிறான். இடையிடையே அந்தக் காலத்துக் கேரளத்தின் நிஜச் சம்பவங்கள் வருகின்றன. மருத்துவக் கல்வியைத் தனியாரிடம் விடக் கூடாது என்று மாணவர்கள் நடத்திய கிளர்ச்சி, கல் குவாரித் தொழிலாளர்களின் துயரம் எல்லாம் கதையோடு கலக்கின்றன. எது கதை, எது செய்திப் படம் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கருப்பு வெள்ளைப் படம். டூயட் பாட்டு இல்லை, சண்டை இல்லை, நட்சத்திரம் இல்லை. நடித்தவர்களில் பெரும்பாலோர் சினிமாவுக்குப் புதியவர்கள். புருஷனாக நடித்த ஜாய் மாத்யூ பல வருடம் கழித்து மலையாளத்தில் டைரக்டராகவும் நடிகராகவும் பிரபலம் ஆனார். ஒளிப்பதிவு செய்தவர் வேணு. இந்தப் படத்துக்கும், அதே வருடம் வந்த இன்னொரு மலையாளப் படத்துக்கும் சேர்த்து அவருக்குச் சிறந்த ஒளிப்பதிவாளர் என்ற தேசிய விருது கிடைத்தது. எடிட்டிங் செய்தவர் பீனா பால். பின்னாளில் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவை நடத்துவதில் முக்கியப் பங்கு வகித்தவர் அவர்தான்.

எப்படிப் பணம் சேர்ந்ததோ, அப்படியே படமும் ஜனங்களிடம் போயிற்று. வியாபார முறையில் ஏரியா விற்கவில்லை. ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். "பாதை தெரியுது பார்" படம் இடறி விழுந்த இடத்தை ஒடேசா தாண்டியது இப்படித்தான். காட்டுவதற்கான வழியையும் கம்பெனி தன் கையிலேயே வைத்துக் கொண்டது. காசு கொடுத்தவன் வீட்டு வாசலுக்கே படம் வந்து சேர்ந்தது.

ஒரு வருடம்தான்

ஒடேசாவின் வெற்றி நீடிக்கவில்லை. 1987 மே மாதம் 31-ந் தேதி, கோழிக்கோட்டில் ஒரு கட்டிடத்தின் மேலிருந்து தவறி விழுந்து ஜான் ஆப்ரகாம் இறந்தார். அப்போது அவருக்கு வயது 49. வீடு வாசல் என்று ஒட்டாமல் நண்பர்களின் அறைகளிலேயே காலம் தள்ளியவர். குடிப்பழக்கமும் இருந்தது. எடுத்த முழுநீளப் படங்கள் மொத்தம் நாலே நாலு.

நண்பர்கள் கம்பெனியை மூடி விடவில்லை. ஆரம்பம் முதல் உடன் இருந்த சத்யன், "ஒடேசா சத்யன்" என்றே பெயர் பெற்றார். அதே முறையில் ஜனங்களிடம் பணம் திரட்டி ஆவணப்படங்கள் எடுத்தார். கவிஞர் ஏ.அய்யப்பனைப் பற்றி ஒரு படம். இன்னொரு படம் ராமச்சந்திரன் நாயர் என்ற போலீஸ்காரரைப் பற்றியது. 1970-ல் வயநாட்டில் நக்சலைட் தலைவர் வர்கீஸ் கொல்லப்பட்டது மோதலில் அல்ல, மேலதிகாரிகள் உத்தரவுப்படி தானே சுட்டேன் என்று பல வருடம் கழித்து ஒப்புக்கொண்டவர் அவர். அந்த வழக்கில் ஓய்வு பெற்ற ஐ.ஜி. ஒருவருக்கு 2010-ல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. இப்படிப்பட்ட விஷயத்தைத் தொட எந்த வியாபாரக் கம்பெனி துணியும்? சத்யன் 2014-ல் காலமானார்.

ஏன் தொடரவில்லை?

ஒடேசாவின் வழி சரியானது என்றால், அந்த வழியில் ஏன் படங்கள் வரிசையாக வரவில்லை? நியாயமான கேள்வி. இதற்கு விடை காண வேறு இரண்டு படங்களைப் பார்க்கலாம்.

1976-ல் ஷியாம் பெனகல் எடுத்த "மந்தன்" என்ற இந்திப் படம். குஜராத்தில் பால் கூட்டுறவுச் சங்கங்கள் உருவான கதை. கிரீஷ் கர்னாட், ஸ்மிதா பாட்டீல் நடித்தது. பால் ஊற்றும் விவசாயிகள் 5 லட்சம் பேர் தலைக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். 10 லட்ச ரூபாய் சேர்ந்து விட்டது! படம் வந்ததும் லாரி லாரியாக விவசாயிகள் வந்து "எங்கள் படம்" என்று பார்த்தார்கள். படமும் தப்பியது, லாபமும் தந்தது. 2024-ல் புதுப்பிக்கப்பட்டு பிரான்சில் கேன்ஸ் விழாவில் மறுபடியும் காட்டப்பட்டது.

இன்னொன்று பெங்களூர்க்காரர்களுக்குத் தெரிந்தது. 2013-ல் வந்த "லூசியா" என்ற கன்னடப் படம். டைரக்டர் பவன் குமார் இணையத்தில் வேண்டுகோள் விடுத்து, சுமார் 110 பேரிடம் இருந்து ஏறக்குறைய 50 லட்ச ரூபாய் திரட்டினார். படம் தியேட்டர்களில் ஓடியது. 2015-ல் "எனக்குள் ஒருவன்" என்ற பெயரில் தமிழிலும் வந்தது.

"மந்தன்" படத்துக்குப் பின்னால் ஏற்கனவே கட்டி முடித்த ஒரு சங்கம் இருந்தது. கணக்கு இருந்தது, ஊருக்கு ஊர் ஆள் இருந்தது, தினம் இரண்டு வேளை ஜனங்கள் வந்து கூடும் பால் டிப்போ இருந்தது. "லூசியா"வுக்குப் பணம் கொடுத்தவர்கள் வசதி உள்ளவர்கள். வியாபாரமும் ஒழுங்காக நடந்தது. ஒடேசாவுக்கு இரண்டும் இல்லை. ஒரு மேளம், ஒரு புரொஜெக்டர், ஒரு ஜான். ஒவ்வொரு படத்துக்கும் முதலில் இருந்து நடக்க வேண்டும். நடத்திச் செல்கிறவர் போனதும் நடை தளர்ந்தது. தனி ஒருவரின் உற்சாகத்தில் ஒரு படம் எடுக்கலாம். பத்துப் படம் எடுக்க சங்கம் வேண்டும், வரவு செலவுப் புத்தகம் வேண்டும், அடுத்தவர் வந்து ஏற்று நடத்த ஏற்பாடு வேண்டும். தொழிற்சங்கத்தில் இருந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த பாடம்.

ஆனாலும் ஒடேசா போட்ட விதை வீண் போகவில்லை. 2014-ல் சனல் குமார் சசிதரன் பொதுமக்களிடம் பணம் திரட்டி "ஒராள்பொக்கம்" என்ற மலையாளப் படத்தை எடுத்தார். அதை "சினிமா வண்டி" என்று பெயரிட்ட வேனில் ஏற்றி, கேரளம் முழுக்க ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். முப்பது வருடத்துக்கு முன் ஜானும் நண்பர்களும் போன அதே வழி. அந்தப் படத்துக்காக சனல் குமாருக்குச் சிறந்த டைரக்டர் என்ற கேரள அரசு விருது கிடைத்தது.

இன்று செல்போனிலேயே படம் எடுக்கலாம். கச்சா பிலிம் வேண்டாம், லேபரட்டரி வேண்டாம். செலவு குறைந்து விட்டது. ஆனால் எடுத்த படத்தை யார் வாங்குவது, எந்தத் திரையில் காட்டுவது என்று தீர்மானிக்கும் இடத்தில் இன்றும் சிலர்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏரியா வினியோகஸ்தர் இருந்த இடத்தில் இன்று பெரிய இணையக் கம்பெனிகள் இருக்கின்றன. கேட்கும் கேள்வியும் பழைய கேள்விதான்: "ஹீரோ யார்?"

"அம்ம அறியான்" படத்தின் பட அதிபர்கள் யார் என்று கேட்டால், பெயர்ப் பட்டியல் போட முடியாது. ஏதோ ஒரு கவலையில் பஸ்சுக்கு நின்றவர், கடையை மூடிவிட்டுப் போனவர், சாப்ளினைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பையில் கையை விட்டவர் என்று மலபார் முழுக்க அவர்கள் சிதறிக் கிடந்தார்கள். அவர்கள் கொடுத்த சில்லறையில் எடுத்த படம், நாற்பது ஆண்டு கழித்தும் இந்தியாவின் முக்கியமான படங்களில் ஒன்றாகப் பேசப்படுகிறது. வட்டிக்கு வாங்கி எடுத்த படங்கள் அந்த வருடத்தில் எத்தனையோ வந்தன. அவற்றில் எத்தனை பெயர் இன்று நினைவில் இருக்கிறது?